அந்த 15 ரூபாய் டீயில் வரி இருக்கிறதா, இல்லையா?

அம்பத்தூர் பையன் | இரவு 9.10

நேற்று பட்ஜெட் திரியில் ஓஎம்ஆர் சீனு அண்ணன் எழுதியது இது: "வருமான வரி கட்டாதவனுக்கு பட்ஜெட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? பந்தியில் ஓசியில் உட்கார்ந்துவிட்டு சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லக் கூடாது." அதற்கு 40 பேர் லைக் வேறு. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

எனக்கு 24 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சிஎன்சி மிஷின் (கம்ப்யூட்டர் வைத்து இரும்பை வெட்டுகிற மிஷின்) ஓட்டுகிறேன். சம்பளம் 20,500. இஎஸ்ஐ, பிஎஃப் பிடித்தம் போக மீதிதான் கைக்கு வரும். 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் சொன்னதை கேன்டீன் டிவியில் பார்த்தோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு மிஷினுக்குப் போனோம். அது எங்களைப் பற்றிய சேதி இல்லை.

ஆனால் வரியே கட்டாதவன் என்று மட்டும் சொல்லாதீர்கள். போன மாதம் முழுக்க ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ரீசார்ஜ் 299 ரூபாய். பில்லைத் திறந்து பார்த்தால் 253.39 பேக், 45.61 ஜிஎஸ்டி. வாரம் 300 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறேன், அதில் மத்திய அரசின் கலால் வரி ஒன்று, மாநிலத்தின் வாட் என்கிற விற்பனை வரி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் சாப்பிட்டால் பில்லின் அடியில் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 2.5 சதவீதம், மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம். சோப்பு, பேஸ்ட், தலைக்கு எண்ணெய் எல்லாம் 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீதம், இப்போது 5. எஸ்டேட் கேட்டுக்கு எதிரே நின்றுகொண்டு குடிக்கிற 15 ரூபாய் டீயில்கூட வரி இருக்கிறது.

காலை ஐந்தே முக்காலுக்கு வண்டியை எடுக்கும்போது தெருவிளக்கு எரியாவிட்டால் எனக்கும்தான் இருட்டு. ஏன் எரியவில்லை என்று நான் கேட்கக் கூடாதா?

வணிகவரி ஓய்வு | இரவு 9.34

தம்பி, உன் உழைப்புக்கு என் மரியாதை. எழுத்தும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு தவறைத் திருத்தியாக வேண்டும். அந்த டீயில் வரி இல்லை. 32 வருடம் வணிகவரித் துறையில் இருந்தவன் சொல்கிறேன். வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வியாபாரம் செய்கிற டீக்கடை ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவே முடியாது, வசூலித்தால் குற்றம். ஆகவே உன் 15 ரூபாயும் கடைக்காரருக்குத்தான். பாக்கெட் பாலுக்கும் வரி கிடையாது.

ஓஎம்ஆர் சீனு | இரவு 9.41

நன்றி ஐயா. அடிப்படையே தப்பு என்று தெரிகிறது.

தம்பி, மாதம் 38,000 ரூபாய் என் சம்பளத்தில் டிடிஎஸ்ஸாக, அதாவது கைக்கு வரும் முன்பே பிடிக்கிற வருமான வரியாகப் போகிறது. நீ சொன்ன பெட்ரோல், ரீசார்ஜ், ஓட்டல் பில் எல்லாம் அதற்கு மேல் நானும் கட்டுகிறேன். 2024 ஜூலை 31 வரை வருமான வரி ரிட்டர்ன் போட்டவர்கள் 7.28 கோடி பேர், அதிலும் எத்தனையோ பேருக்கு வரி பூஜ்யம். நாடு 140 கோடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் என் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நாலு நாள் கரண்ட் இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றேன். அன்றைக்கு என் கோபத்தை யாரும் கேட்கவில்லை. டீக்குக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது புரியாது.

டீக்கடை மகன் | இரவு 9.58

வணிகவரி ஐயா, நீங்கள் டீயை ஆபீஸில் குடித்திருப்பீர்கள், அடுப்பைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் அப்பா கடை 19 கிலோ சிலிண்டரில் ஓடுகிறது. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. வீட்டு சிலிண்டர் மாதிரி 5 இல்லை. சிலிண்டர் 1,800 ரூபாய் என்று வைத்தால் அதில் 275 ரூபாய் வரி. மூன்று நாள் வரும், நாளுக்கு 350 டீ. கணக்குப் போடுங்கள், ஒரு டீக்கு 26 காசு. டீத்தூளுக்கு 5 சதவீதம், கிலோ 400 ரூபாய் தூளில் 280 டீ போடுவார், அது 7 காசு. சர்க்கரைக்கு 2 காசு. ஆக 35 காசு. பதிவு இல்லாததால் அந்த வரியை அப்பா எங்கேயும் திருப்பிக் கேட்க முடியாது. டீ விலையில்தான் சேர்ப்பார். அதைக் குடிக்கிறவர்தான் கொடுக்கிறார்.

அம்பத்தூர் பையன் | இரவு 10.03

இதைத்தான் சொன்னேன் அண்ணே. நன்றி.

வணிகவரி ஓய்வு | இரவு 10.11

இரண்டையும் குழப்புகிறீர்கள். சிலிண்டருக்கு வரி உண்டு. தூளுக்கு வரி உண்டு. டீக்கு வரி இல்லை. சட்டத்தில் ஒவ்வொன்றும் தனி சப்ளை, அதாவது தனித்தனி விற்பனை. நான் கேட்பது ஒன்றுதான், அந்த 15 ரூபாய்க்கு பில் உண்டா? அதில் ஜிஎஸ்டி எண் உண்டா?

தூயதமிழன் | இரவு 10.15

தேநீர் என்ற அழகான சொல் இருக்கும்போது எல்லோரும் டீ, டீ என்று எழுதுவது வருத்தம் தருகிறது.

கடைசி பெஞ்ச் | இரவு 10.17

அண்ணா, போன வாரம் "பேருந்தா பஸ்ஸா" என்று ஒரு நல்ல திரியை இழுத்து மூட வைத்தீர்கள். இதையாவது விடுங்கள்.

தூயதமிழன் | இரவு 10.20

அந்தத் திரியில் என்னை "அகராதி" என்று அழைத்தது நீங்கள்தான். நான் மறக்கவில்லை.

மதுரை மல்லி | இரவு 10.26

ஒரு கேள்வி. வரி "கட்டுவது" என்றால் கருவூலத்தில் போய்ச் செலுத்துவதா, கடைசியில் யார் பையிலிருந்து போகிறதோ அதுவா? இதை முதலில் முடிவு செய்யாமல் இருவரும் பேசிக்கொண்டே போகிறீர்கள்.

வணிகவரி ஓய்வு | இரவு 10.29

அம்மா, அதில் முடிவு செய்ய ஒன்றுமில்லை. பில் இல்லை என்றால் வரி இல்லை. டீக்கு பில் இல்லை.

ஓஎம்ஆர் சீனு | இரவு 10.33

சரி, 35 காசு என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு டீ, மாதம் 60. மொத்தம் 21 ரூபாய். என் 38,000க்கும் இந்த 21க்கும் ஒரே மரியாதை வேண்டுமா? அதுவும் இங்கே பாதிப் பேர் இலவச பஸ்ஸில் போய்க்கொண்டே வரியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மதுரை மல்லி | இரவு 10.44

இலவச பஸ் என்று எழுதினீர்களே, அது நான்தான். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். மிச்சமாகிற காசில் பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்குகிறேன். அந்த பிஸ்கட்டுக்கும் 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் வரி. இன்னொன்று சொல்கிறேன், கேளுங்கள். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டார்கள். 2018 ஜூலையில்தான் எடுத்தார்கள். ஒரு வருடம் மாதா மாதம் ரத்தம் போனதற்கு நான் வரி கட்டினேன். அப்போது எனக்குச் சம்பளமே கிடையாது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கட்டினீர்களா அந்த வரியை?

ஓஎம்ஆர் சீனு | இரவு 10.50

எதற்கெடுத்தாலும் பெண் என்று கொண்டு வந்துவிட்டால் நான் என்ன பேசுவது? என் மனைவிக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

மதுரை மல்லி | இரவு 10.52

அப்படியென்றால் கடையில் கொடுத்த காசில் வரி இருந்தது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

வணிகவரி ஓய்வு | இரவு 10.55

நாப்கினில் இருந்தது. டீயில் இல்லை.

கடைசி பெஞ்ச் | இரவு 11.02

பெட்ரோலையும் ஜிஎஸ்டிக்குள் கொண்டு வந்தால் பாதிப் பிரச்சனை தீரும். மத்திய அரசு தயார்தான், மாநிலம்தான் விடமாட்டேன் என்கிறது.

டீக்கடை மகன் | இரவு 11.08

மாநிலம் எதை விட்டுக் கொடுக்கும்? ஜிஎஸ்டி வந்த பிறகு கையில் மிச்சம் இருப்பது பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு மாதிரி நாலைந்துதான். 2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது, மறந்துவிட்டதா? 15ஆவது நிதிக்குழு மத்திய வரிகளில் மாநிலங்களுக்கு என்று ஒதுக்கியது 41 சதவீதம். அந்தப் பங்கில் நமக்குக் கிடைத்தது 4.079 சதவீதம், உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம். அம்பத்தூர் தம்பி கட்டுகிற 45 ரூபாய் 61 காசு எங்கே போகிறது என்று சீனு சாரைக் கேளுங்கள்.

கடைசி பெஞ்ச் | இரவு 11.13

வந்துவிட்டீர்களா அரசியலுக்கு? பீகாரில் இருக்கிறவனும் இந்த நாட்டுக் குடிமகன்தான். உங்கள் அப்பா கடையில் பாத்திரம் கழுவுகிறவர் எந்த ஊர்?

டீக்கடை மகன் | இரவு 11.15

கழுவுவது எங்கள் அம்மா.

அம்பத்தூர் பையன் | இரவு 11.21

சண்டை வேண்டாம். சீனு அண்ணே, மிக்ஜாம் அன்று நானும் இருந்தேன். எஸ்டேட்டிலும் தண்ணீர். மிஷின் நனைந்துவிடக் கூடாது என்று மூன்று பேர் மணல் மூட்டை அடுக்கினோம். உங்களுக்கு நாலு நாள் கரண்ட் இல்லை, எனக்கு எட்டு நாள் சம்பளம் இல்லை. கோபம் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தானே இருக்கிறது? அதை உங்கள் கோபம் மட்டும்தான் என்று எழுதியதுதான் எனக்கு வலித்தது.

இன்னொன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள், நானும் விட்டுவிட்டேன். இப்போதுதான் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 1,250 ரூபாய் தொழில் வரி என்று பிடித்திருக்கிறார்கள். அது என் பெயரில், என் சம்பளத்திலிருந்து நேரடியாகப் போகிறது. வருடத்துக்கு 2,500. அரசியல் சட்டத்தில் தொழில் வரிக்கு வைத்த உச்ச வரம்பே அந்த 2,500தான். அந்த வரியில் சீனு அண்ணன் எவ்வளவு கட்டுகிறாரோ அதையேதான் நானும் கட்டுகிறேன். ஒரு ரூபாய் குறைவில்லை.

வணிகவரி ஓய்வு | இரவு 11.27

தொழில் வரி மாநகராட்சிக்குப் போவது. நாட்டு பட்ஜெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆகவே இங்கே பொருந்தாது. டீக்கு வருவோம். டீக்கடை மகன் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். நாளுக்கு 350 டீ, 15 ரூபாய் வீதம் 5,250. வருடம் முழுக்கத் திறந்தால் 19,16,250 ரூபாய். டீ மட்டும் விற்றால் வரம்புக்குள் வருகிறது. வடை, பிஸ்கட், சிகரெட் விற்பாரா? விற்றால் 20 லட்சம் தாண்டிவிடுகிறது. அப்படியானால் பதிவு ஏன் செய்யவில்லை என்பதுதான் முதல் கேள்வி.

டீக்கடை மகன் | இரவு 11.36

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அமாவாசை, தீபாவளி, பொங்கல் கிடையாது. எஸ்டேட் லீவு விட்டால் நூறு டீகூட ஓடாது. வடை போடுவதில்லை, அப்பாவுக்கு எண்ணெய்ப் புகை ஒத்துக்கொள்ளாது. 32 வருடம் ஆபீஸில் இருந்துவிட்டு ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு டீக்கடையை ரெய்டு செய்கிறீர்களே ஐயா.

2025 ஜூலையில் கர்நாடகாவில் யுபிஐ வரவைப் பார்த்து சின்னக் கடைகளுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. அந்தச் செய்தி வந்த மறுநாள் காலையில் அப்பா ஸ்கேன் அட்டையைக் கழற்றி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். பிள்ளைகள் சில்லறை இல்லாமல் திரும்பிப் போனார்கள். மூன்று வாரம் கழித்து நான்தான் சண்டை போட்டு மறுபடி மாட்டினேன். ஒரு நாள் தப்பு செய்யாத மனிதர். உங்களை மாதிரி ஒருவர் வருவார் என்றுதான் அந்தப் பயம்.

கடைசி பெஞ்ச் | இரவு 11.40

ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கடை பதிவு செய்தால் அப்புறம் டீயில் வரி வந்துவிடுமே? அப்போது தம்பி சொன்னது சரியாகிவிடும் இல்லையா?

வணிகவரி ஓய்வு | இரவு 11.46

பதிவு செய்தால் வரி உண்டு. செய்யவில்லை, ஆகவே இல்லை. நான் ஆரம்பத்திலிருந்து சொல்வதும் அதுதான். ஆயிரக்கணக்கான கணக்குகளைப் பார்த்தவன் நான். ஒரு கோப்புகூட அப்பீலில் திரும்பி வந்ததில்லை. சொந்தக் கணக்கை நோட்டில் எழுதிவிட்டால் சட்டம் மாறிவிடாது.

ஓஎம்ஆர் சீனு | இரவு 11.49

நான் மணல் மூட்டை அடுக்கவில்லை என்று யார் சொன்னது? எங்கள் அபார்ட்மென்டில் நானும்தான் அடுக்கினேன். தம்பி என்னைக் குறைத்துப் பேசியதற்கு முதலில் வருத்தம் தெரிவிக்கட்டும்.

அம்பத்தூர் பையன் | இரவு 11.55

குறைத்துப் பேசவில்லை அண்ணே. திரும்பப் படித்துப் பாருங்கள். எனக்குக் காலையில் ஆறரைக்கு ஷிப்ட். போகிற வழியில் பெட்ரோல் போட வேண்டும், ரிசர்வில்தான் வந்தேன். நாளை கேட்டுக்கு எதிரே டீ குடிக்கும்போது அந்த 35 காசை நினைத்துக்கொள்வேன். யார் என்ன சொன்னாலும் அது நான் கொடுத்த காசு.

மதுரை மல்லி | இரவு 11.57

தூங்குப்பா. என் கேள்விக்குத்தான் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வணிகவரி ஓய்வு | இரவு 12.04

எல்லோரும் போய்விட்டார்கள் போல. இந்தத் திரியில் இருக்கட்டும் என்று சொல்லி வைக்கிறேன். சிலிண்டரில் உண்டு, தூளில் உண்டு, சர்க்கரையில் உண்டு. டீயில் இல்லை. மறுப்பவர்கள் அந்த 15 ரூபாய்க்கு ஒரு பில்லைப் படம் எடுத்து இங்கே போடட்டும்.