பேஸ்மென்ட்டில் மீனும் கீரையும்: குளிர் ஊர்களில் அக்வாபோனிக்ஸ் வைத்தவர்களின் அனுபவம்

ஸ்கார்பரோவிலிருந்து:

2012 கோடையில், கனடாவின் டொராண்டோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில், மீனையும் செடியையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் தொடங்கினேன். 500 லிட்டர் தொட்டி, அதற்கு மேலே கல் நிரப்பிய இரண்டு பாத்திகள், ஒரு சின்ன பம்ப். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டைச் செடி உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த தண்ணீர் மீண்டும் மீனுக்கே வரும்.

எல்லோரும் திலாப்பியா வளர்க்கச் சொன்னார்கள். அதற்கு 27, 28 டிகிரி தண்ணீர் வேண்டும். 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் செத்துவிடும். எங்கள் பேஸ்மென்ட்டில் குளிர்காலத்தில் 17 டிகிரிதான். 500 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்கவே அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகும். பத்து டிகிரி ஏற்றி, ஐந்து மாதம் அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிரோடு மல்லுக்கட்டாமல், குளிர் தாங்கும் கோல்ட்ஃபிஷையே விட்டேன். எனக்கு வேண்டியது கீரைதான்.

முதல் அடி குழாய்த் தண்ணீரில் விழுந்தது. சென்னையில் அப்பா மீன் தொட்டி வைத்திருந்தார். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று அவர் சொன்னது மனதில் பதிந்திருந்தது. டொராண்டோ தண்ணீரில் கலப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின். அது ஒரு நாளில் போகாது. விட்ட ஆறு மீனில் நாலு, இரண்டு நாளில் மிதந்தன. அந்த மீன்களை என் மகள்தான் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள். இப்போதெல்லாம் குளோரமினை முறிக்க வைட்டமின் சி பொடி கலந்த பிறகே ஒரு சொட்டுத் தண்ணீரும் தொட்டிக்குள் போகும்.

அடுத்தது கல். பாத்திக்குத் தோட்டக் கடையில் மலிவான ஜல்லி வாங்கியிருந்தேன். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 8.2-ஐ விட்டு இறங்கவே இல்லை. கீரையின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பிஎச் ஏறினால் தண்ணீரில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. ஒரு கல்லை எடுத்து வினிகர் ஊற்றினேன், நுரைத்தது. சுண்ணாம்புக்கல்! அதுதான் கரைந்து பிஎச்சை இறங்கவிடாமல் வைத்திருந்தது. மொத்தத்தையும் அள்ளிக் கொட்டிவிட்டு, சுட்ட களிமண் உருண்டைகளைப் போட்டேன். இரண்டு வார இறுதிகள் போயின. பாத்தி கட்டுவதற்கு முன்பே வினிகர் சோதனை செய்துவிடுங்கள்.

அப்புறம் 2013 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு முன் உறைபனி மழை பெய்து, கிளைகள் முறிந்து, டொராண்டோவில் லட்சக்கணக்கானோருக்கு மின்சாரம் போனதே, அந்தச் சமயம். எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. தண்ணீர் 17-லிருந்து 9 டிகிரிக்கு வந்தது. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் முதல் இரவோடு தீர்ந்தது. அதன் பிறகு நானும் பிள்ளைகளும் முறை வைத்து, செம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். தீனி சுத்தமாக நிறுத்தினேன். மீன்கள் தொட்டியின் அடியில் அசையாமல் நின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், மீனின் தேவையும் குறையும். கோல்ட்ஃபிஷ் என்பதால் பிழைத்தன. திலாப்பியாவாக இருந்திருந்தால் மூன்றாம் நாள் தொட்டியே காலி.

எட்மன்டனிலிருந்து:

ஸ்கார்பரோ அக்கா சொன்னதற்கு நேர்மாறாக, உரிமம் எடுத்து நான் திலாப்பியாதான் வளர்க்கிறேன், சாப்பிடுவதற்கு. முதல் குளிர்காலத்தில் கராஜில் வைத்தேன். வெளியே மைனஸ் 30. ஹீட்டர் ஓயாமல் ஓடியது. மின்கட்டணத்தைப் பார்த்த பிறகு பேஸ்மென்ட்டுக்கு மாற்றிவிட்டேன். தொட்டியைச் சுற்றி, அடியிலும்கூட, இரண்டு அங்குல ஃபோம் பலகை, மேலே மூடி. சூடு பெரும்பாலும் ஆவியாகும் தண்ணீரோடுதான் போகிறது என்பதால் மூடிதான் முக்கியம். மூடாமல் இருந்த மாதத்தில் ஜன்னலில் தண்ணீர் வழிந்து, சுவரோரம் பூஞ்சை பிடித்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ததை நினைத்தால் இன்னும் கை வலிக்கிறது. இங்கே குளிர்காலத்தில் உள்ளே சேரும் ஈரம் லேசில் வெளியே போகாது, எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம்.

எங்கள் ஆல்பர்ட்டாவிலேயே புரூக்ஸ் என்ற ஊரில் நிக் சவிடோவ் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். கரீபியன் கடலில் உள்ள வெப்பமான தீவான செயின்ட் குரோயில் ஜேம்ஸ் ராக்கோசி என்ற ஆய்வாளர் உருவாக்கிய அக்வாபோனிக்ஸ் முறையை, இந்தக் குளிரில் பசுமைக்குடிலுக்குள் கொண்டுவந்தார். அவர் வேலையைப் படித்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது.

ஒஸ்லோவிலிருந்து:

அக்கா, உங்களுக்கு இடைஞ்சல் தந்த சுண்ணாம்புதான் எனக்குக் கைகொடுத்தது. இங்கு குழாய்த் தண்ணீர் மிகவும் மென்மையானது, அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் கூடும். அதைத் தாங்க என் தண்ணீரில் ஒன்றும் இல்லை. நாலாம் மாதம் பிஎச் 6-க்குக் கீழே போய், பாக்டீரியா சோர்ந்து, அம்மோனியா ஏறத் தொடங்கிவிட்டது. சிப்பி ஓட்டை உடைத்து வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். மெல்ல 6.8-க்கு வந்து நின்றது.

தொடக்கத்தில் பொறுமை வேண்டும். 25 டிகிரியில் நாலு முதல் ஆறு வாரத்தில் பாக்டீரியா நிலைகொள்ளும் என்பார்கள். என் தண்ணீர் 15 டிகிரி, பத்து வாரம் ஆனது. இரண்டாவது தொட்டிக்கு, தெரிந்தவர் வீட்டு மீன்தொட்டி ஃபில்டரின் பழைய பஞ்சைக் கேட்டு வாங்கிப் போட்டேன். அதில் ஏற்கெனவே பாக்டீரியா இருந்ததால் மூன்று வாரத்தில் நிலைகொண்டுவிட்டது. டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான் என்பதால் எல்இடி விளக்கு 14 மணி நேரம் எரியும். வல்லாரையும் பொன்னாங்காணியும் செழிக்கின்றன. கடையில் வல்லாரை காணக் கிடைக்காத ஊரில் அம்மாவுக்குச் சம்பல் போடப் போதுமான அளவு வருகிறது.

ஸ்கார்பரோவிலிருந்து:

தம்பி, பழைய பஞ்சு யோசனை அருமை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மே மாதத்திலேயே தொட்டியை நிரப்புங்கள். பேஸ்மென்ட் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பாக்டீரியா ஊன்றிவிட்டால், முதல் பனி விழும்போது கீரை பறித்துக்கொண்டிருப்பீர்கள். என்ன மீன் என்று முடிவு செய்யும் முன், உங்கள் மாகாணத்தில் அதற்கு உரிமம் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாத கோல்ட்ஃபிஷை எந்த ஏரியிலும் விடாதீர்கள். அது அங்கே பெருகி உள்ளூர் மீனை அழிக்கும்.