தோட்டத்துச் செம்மரம் காட்டுச் செம்மரத்தைக் காப்பாற்றுமா?

சேசாசலம் நேசன்:
பட்டா நிலத்தில் செம்மரம் வளர்த்தால் காட்டு மரம் கடத்தலிலிருந்து தப்பித்துவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகத்திலேயே இந்த மரம் தானாக வளர்வது ஆந்திராவின் கடப்பா, சித்தூர், நெல்லூர் வட்டாரத்துக் குன்றுகளிலும் அவற்றை ஒட்டிய சில இடங்களிலும்தான். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைப் பட்டியலிடும் உலக அமைப்பான ஐயுசிஎன் 2018-ல் இதன் ஆபத்து நிலையைக் குறைத்துச் சொன்னது. 2021-ல் மறுபடியும் 'அருகிவரும் இனம்' என்று ஏற்றிவிட்டது. இத்தனை தோட்டம் வந்த பிறகும் இதுதான் நிலை.

ஜவ்வாது உழவன்:
ஐயா, எங்கள் மலைப்பக்கத்து ஆட்களைத்தான் கூலி ஆசை காட்டி மரம் வெட்ட அந்தக் காட்டுக்குள் அனுப்புகிறார்கள். 2015 ஏப்ரலில் திருப்பதிப் பக்கத்துச் சேசாசலக் காட்டில் 20 பேர் ஆந்திரப் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டதை மறக்க முடியுமா? வாங்குகிறவனுக்கு நேர்வழியில் மரம் கிடைத்தால்தான் இது நிற்கும். பட்டா நிலத்து மரத்தை ஏற்றுமதி செய்ய 2019-ல் வழி திறந்தார்கள். வளர்த்தவன்தான் வெட்ட அனுமதி கேட்டு இன்னமும் அலைகிறான்.

சேசாசலம் நேசன்:
அந்தச் சாவுகளை நானும் மறக்கவில்லை. அனுமதியை எளிதாக்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நான் பேசுவது மரபணு வளத்தை, அதாவது மரத்துக்கு மரம் உள்ள பரம்பரை வேறுபாட்டைப் பற்றி. கடத்துகிறவன் வைரம் (நடுவிலுள்ள கெட்டியான சிவப்புக் கட்டை) பருத்த மரமாகப் பார்த்து வெட்டுகிறான். விதை போட மிஞ்சுவது ஒல்லி மரங்களும் அடிக்கட்டையில் துளிர்த்தவையும். தேனீ வேறொரு மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்தால்தான் செம்மரம் நன்றாகக் காய்க்கும். மரங்கள் தள்ளித்தள்ளி நின்றால் காய்ப்பு குறையும், கிடைக்கிற விதையும் நெருங்கிய உறவுக்குள் பிறந்ததாகிவிடும். இதைத் தோட்டம் எப்படிச் சரிசெய்யும்?

நாற்றங்கால் செல்வி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் நாற்று விற்பவள். செம்மரக் காய் தட்டையாக, சுற்றிலும் இறக்கை வைத்து, நடுவில் முரட்டுத் தோலோடு இருக்கும். உள்ளே பெரும்பாலும் ஒரே விதை. சாணிக் கரைசலில் ஊறவைத்தாலும் ஒழுங்காக முளைக்காது. அதனால் எந்த மரத்து விதை நன்றாக முளைக்கிறதோ, வருஷா வருஷம் அதனடியில்தான் போய் நிற்போம். ஒரு ஊர் முழுக்க நான்கைந்து தாய் மரத்துப் பிள்ளைகளாகவே இருக்கலாம். உழவன் அண்ணே, உங்கள் மரம் எந்தக் குன்றின் விதை என்று தெரியுமா?

ஜவ்வாது உழவன்:
தெரியாது தங்கச்சி. நர்சரியில் கொடுத்ததை நட்டேன். வேறு என்ன செய்ய? காப்புக்காட்டில் விதை பொறுக்கினால் வழக்குப் போடுவார்கள்.

சேசாசலம் நேசன்:
அதனால்தான் இந்த வேலை விவசாயி தலையில் விழக்கூடாது என்கிறேன். வனத்துறையே பல குன்றுகளில், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் மரங்களில் விதை எடுக்க வேண்டும். எந்தக் குன்று, எத்தனை தாய் மரம் என்று பொட்டலத்திலேயே எழுதித் தர வேண்டும். நன்றாக வளர்கிறது என்று ஒரே மரத்தின் நகல்களை ஏக்கர் கணக்கில் நட்டால், ஒரு நோய்க்கே அத்தனையும் போய்விடலாம்.

ஜவ்வாது உழவன்:
சரி, அப்படி விதை வந்தால் முதல் ஆளாக வாங்குகிறேன். அதற்காக, நிற்கிற தோட்டத்தால் பயனில்லை என்று சொல்லாதீர்கள். நேர்வழி வியாபாரத்துக்கு அதுதான் முதல்.

சேசாசலம் நேசன்:
வியாபாரத்துக்கு அது இருக்கட்டும். வெட்டுப்பட்ட காட்டை மறுபடி நிரப்ப மட்டும் அந்தத் தோட்டத்து விதையை எடுக்காதீர்கள். அந்த இடத்துக்கு அந்தக் குன்றின் விதைதான் வேண்டும்.