பெட் ஸ்கேனுக்கு முன் குளிர் படக் கூடாதாமே, ஏன்? பழுப்புக் கொழுப்பு பற்றியும் ஒரு சந்தேகம்

லெனேசியா வாசி:
வணக்கம். அப்பாவுக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்று) சிகிச்சை முடிஞ்சு ஜூலை நடுவில், இங்கே குளிர்காலத்தில், ஜோஹன்னஸ்பர்க்கில் பெட்-சிடி (புற்று மிச்சம் இருக்கான்னு பார்க்கும் ஸ்கேன்) எடுக்கணும். கொடுத்த தாளில் பட்டினி, சுகர் அளவு எல்லாம் போக, "முதல் நாள் மாலையிலிருந்தே உடம்பு குளிரக் கூடாது"ன்னு இருக்கு. கழுத்தில் பழுப்புக் கொழுப்பு (குளிரில் எரிஞ்சு உடம்புக்குச் சூடு தரும் கொழுப்பு) வேலை செஞ்சா ரிப்போர்ட் குழம்புமாம். அது பச்சைக் குழந்தைக்குத்தானே இருக்கும்? இவருக்கு 58 வயசு. இன்னொண்ணு: அதே கொழுப்பைக் கிளப்பிவிட்டா தொப்பை கரையும்னு தம்பி தினமும் மூணு நிமிஷம் ஐஸ் தண்ணியில் உட்கார்றான். அதில் ஏதாவது உண்டா?

ஸ்கேன் அறை:
பெரியவங்களுக்கும் உண்டு. இடம்: கழுத்தின் பக்கவாட்டு, காரை எலும்புக்கு மேல் உள்ள குழி, முதுகெலும்பின் இரு பக்கம், சிறுநீரகத்தைச் சுற்றி. 2009இல் மூணு ஆய்வுகள் சேர்ந்தாற்போல் வெளிவந்து இதை உறுதி செஞ்சுது. பாஸ்டனில் 1,972 பேரின் பழைய ஸ்கேன்களைப் புரட்டியதில் பெண்களில் 7.5%, ஆண்களில் 3.1% பேருக்குத்தான் தெரிஞ்சுது. நெதர்லாந்தில் 24 இளைஞர்களை 16 டிகிரியில் உட்காரவைத்து எடுத்தால் 23 பேருக்குத் தெரிஞ்சுது. ஆக, சரக்கு பலரிடமும் இருக்கு, குளிர் பட்டால்தான் முழிச்சுக்கும். வயசு கூடக் கூடக் குறையும், ஆனா 58இல் இருக்கவே இருக்காதுன்னு சொல்ல முடியாது.

ஊசியில் போடும் எஃப்டிஜி, குளுக்கோஸ் மாதிரியான ஒண்ணு. புற்றுத் திசு அதை இழுக்கும், முழிச்ச பழுப்புக் கொழுப்பும் இழுக்கும். லிம்போமா நெறிக்கட்டி வரும் அதே காரை எலும்புக் குழியிலேயே இது மின்னினால்தான் தொல்லை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மின்னி, சிடியில் அந்த இடத்தின் அடர்த்தி −190 முதல் −10 ஹவுன்ஸ்ஃபீல்டுக்குள் (சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு) இருந்தா கொழுப்புன்னு தள்ளிடலாம். ஆனா அந்த வெளிச்சத்துக்குள்ள ஒரு சின்னக் கட்டி ஒளிஞ்சிருந்தா கண்ணில் படாமல் போகலாம். பயம் அதுதான்.

செய்ய வேண்டியது: முதல் நாள் இரவு கனமான போர்வை, காலுறை. ஜூலையில் இங்கே வீட்டுக்குள்ளேயே தரை சில்லுன்னு இருக்கும், வெறுங்காலோட நடக்க விடாதீங்க. காலையில் ஹீட்டர் போட்டுச் சூடாக்கின காரில் கூட்டிட்டு வாங்க. காத்திருக்கும் அறையில் குளிர்ந்தா உடனே போர்வை கேளுங்க, கூச்சம் வேண்டாம். ஊசிக்கு முன் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை 24 டிகிரி அறையில் இருந்தா நல்லது. ஊசி போட்ட பிறகு படம் எடுக்கும்வரை, சுமார் ஒரு மணி நேரம், அதே கதகதப்பு தொடரணும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காபி, சிகரெட் ரெண்டும் நரம்பைத் தூண்டும், தவிர்க்கணும். 6 மணி நேரப் பட்டினி, தண்ணீர் குடிக்கலாம். ரத்த சுகர் லிட்டருக்கு 11 மில்லிமோலுக்குக் கீழே இருக்கணும்.

முன்னாடி ஒரு தடவை மின்னியிருந்தா ஊசிக்கு ஒரு மணி முன் ப்ரொப்ரனலால் (அந்த நரம்புத் தூண்டலை அடக்கும் மாத்திரை) 20 முதல் 40 மி.கி. தருவாங்க. அது டாக்டர் முடிவு.

டர்பன் டயட்:
தம்பி விஷயத்துக்கு வர்றேன். குளிர் பட்டதும் நரம்பு முனையில் நார்அட்ரினலின் சுரக்கும். செல்லுக்குள்ள கொழுப்புத் துளி உடைஞ்சு கொழுப்பமிலம் வெளிவந்து யூசிபி-1 என்ற புரதத்தைத் திறந்துவிடும். செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில், ஏடிபி என்ற எரிபொருளைச் செய்யத் தேக்கி வைத்த புரோட்டான், அணையில் மதகு திறந்த மாதிரி அந்த வழியே ஓடிப்போகும். ஏடிபி கிடைக்காது, சூடு மட்டும் கிடைக்கும்.

சரி, எவ்வளவு எரியும்? ஒரு ஆளிடம் இருப்பதே பெரும்பாலும் சில பத்து கிராம்தான். முதலில் தன்னிடம் உள்ள கொழுப்பையே எரிக்கும், பிறகுதான் ரத்தத்திலிருந்து இழுக்கும். தொப்பையைக் கரைக்கிற அளவு கணக்கு தேறாது. குளிரில் பசியும் கூடும், ரெண்டு ரொட்டி சேர்த்துத் தின்னா எரிச்சதெல்லாம் திரும்பிடும்.

மூணு நிமிஷ ஐஸ் தண்ணி இன்னும் வீண். ஆய்வுகளில் 16-17 டிகிரி காற்றில், நடுக்கம் வராத அளவில், தினம் ரெண்டு மணி நேரம் வாரக்கணக்கில் இருக்க வைக்கிறாங்க. நடுக்கம் வந்தா வேலை செய்வது பெரும்பாலும் தசை. ஐஸில் இறங்கின முதல் நிமிஷம் மூச்சு திணறி பி.பி. எகிறும், நெஞ்சு வியாதிக்காரருக்கு ஆபத்து.

சுகர் பக்கம் பலன் இருக்கலாம். நெதர்லாந்தில் 8 சுகர் நோயாளிகளை 10 நாள் 14-15 டிகிரியில் வைத்ததில் இன்சுலின் வேலை செய்யும் திறன் சுமார் 43% கூடிச்சு. ஆனா அதில் பெரும்பங்கு தசையோடது, பழுப்புக் கொழுப்போடது இல்லை. இதைச் சொல்லாமல் விட்டுட்டுத்தான் வீடியோ போடுறாங்க.

நம்ம ஆளுங்களுக்குப் பழுப்புக் கொழுப்பே குறைவுன்னு ஒரு பேச்சு உண்டு. 2014இல் நெதர்லாந்தில் தெற்காசிய வம்சாவளி ஆண்கள் 12 பேரையும் வெள்ளையர் 12 பேரையும் ஒப்பிட்டதில் அளவு 34% குறைவாக இருந்தது. சின்ன ஆய்வு. நம்ம குடும்பங்களில் இத்தனை சுகர் வர இதுவே காரணம்னு சொல்ல அது போதாது.

லெனேசியா வாசி:
ரொம்ப நன்றி. மிராபெக்ரான் மாத்திரை இதைக் கிளப்பும்னு தம்பி சொல்றான். அப்புறம், அப்பாவுக்கு ஆஸ்துமா இருக்கு, ப்ரொப்ரனலால் கொடுக்கலாமா?

டர்பன் டயட்:
மிராபெக்ரான் சிறுநீர்ப்பை மாத்திரை, வழக்கமா 25 அல்லது 50 மி.கி. ஆய்வில் ஒரே வேளையில் 200 மி.கி. கொடுத்ததும் பழுப்புக் கொழுப்பு வேலை செஞ்சுது, கூடவே இதயத் துடிப்பும் பி.பி.யும் ஏறிச்சு. அந்த அளவு வீட்டில் எடுப்பதில்லை. அதைவிட மோசம், உடம்பு இளைக்கன்னு இணையத்தில் விற்கும் டி.என்.பி. (டைநைட்ரோஃபீனால்) பவுடர். அது பழுப்புக் கொழுப்போட நிற்காது, உடம்பில் எல்லா செல்லிலும் அதே மாதிரி ஒரு மதகைத் திறந்துவிடும். சூடு ஏறிக்கிட்டே போகும், நிறுத்த மருந்தே இல்லை. ஆள் செத்திருக்காங்க. தம்பி வாங்கியிருந்தா பிடுங்கிடுங்க.

ஸ்கேன் அறை:
ஆஸ்துமாக்காரருக்கு ப்ரொப்ரனலால் மூச்சுக் குழலைச் சுருக்கிடும், கொடுக்கக் கூடாது. புக் செய்யும்போதே சொல்லி ஃபைலில் எழுத வைங்க. அவருக்குப் போர்வைதான் மருந்து. முடிஞ்சா காலை முதல் நேரத்தை விட்டு, வெயில் ஏறின பிறகு 11 மணிக்கு மேல் கேளுங்க.