கீமோ நடக்கும்போது குடும்ப டாக்டரிடம் எதற்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது?

மூத்தமகள் எழுதியது:

அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, டோசிடாக்சல் சேர்ந்த கீமோ இரண்டு சுற்று ஆகியிருக்கிறது. 20 வருடமாக சுகரும் பிரஷரும் உண்டு, இரண்டையும் பார்த்துவந்தது எங்கள் குடும்ப டாக்டர்தான். மார்பில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்து, தள்ளிப்போடாதீர்கள் என்று அன்றைக்கே கடிதம் எழுதி அனுப்பியவரும் அவரே. அதற்கப்புறம் எல்லாமே பெரிய மருத்துவமனை என்றாகிவிட்டது, நாங்களும் அவரிடம் போவதை விட்டுவிட்டோம்.

போன கீமோவுக்கு மறுநாள் அம்மாவுக்கு சுகர் 340. மருத்துவமனைக்குப் போன் செய்தால் "சுகரை உங்கள் வழக்கமான டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார்கள். சரி என்று இவரிடம் போனால், "கீமோவில் என்ன மருந்து போகிறது என்று தெரியாமல் நான் எதையாவது மாற்றினால் தப்பாகிவிடும், அங்கேயே கேட்டுவிடுங்கள்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் தெரிகிறது, ஆனால் 340 அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. அம்மா அந்தப் பெரிய மருத்துவமனையில் வாயே திறப்பதில்லை. "எப்படி இருக்கீங்க" என்றால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். குடும்ப டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பத்து நிமிடத்தில் தூக்கம் வராதது, பாதம் மரத்துப்போவது, ராத்திரியில் பயந்து எழுந்து உட்காருவது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கூடவே இருக்கும் எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதனால் இவரை விட்டுவிட எனக்கு மனமில்லை. எதை இவரிடம் கொண்டுபோகலாம், எதை நேராக அங்கே கொண்டுபோக வேண்டும், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பொதுமருத்துவன் எழுதியது:

18 வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் டாக்டர் தயங்கியதற்குக் காரணம் அக்கறைக் குறைவு இல்லை, அவர் கையில் காகிதம் இல்லை. நாங்கள் கடிதம் எழுதி அனுப்பும் நோயாளியைப் பற்றிப் பல நேரம் மாதக்கணக்கில் எங்களுக்கு ஒரு வரிகூடத் திரும்பி வராது. அடுத்த முறை போகும்போது மருத்துவமனையில் சிகிச்சைத் திட்டத்தை எழுதிக் கேளுங்கள். மருந்துகளின் பெயர், ஒவ்வொரு சுற்றின் தேதி, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, ராத்திரியில் கூப்பிடவேண்டிய நம்பர், இவ்வளவும் ஒரே தாளில் இருந்தால் போதும். அதன் நகலைக் குடும்ப டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டுப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

340க்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டீராய்டு. டோசிடாக்சலுக்கு முந்தின நாள், அன்று, மறுநாள் என்று மூன்று நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம், அலர்ஜியும் உடம்பில் நீர் தேங்குவதும் வராமலிருக்க. சுகர் ஏறுகிறதே என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த நாட்களுக்கு மட்டும் மாத்திரையைக் கூட்டுவதோ இன்சுலின் சேர்ப்பதோ உங்கள் டாக்டரே தாராளமாகச் செய்யக்கூடிய வேலை, தேதி தெரிந்தால் முன்கூட்டியே தயாராகவும் இருப்பார். ஸ்டீராய்டால் ஏறும் சுகர் பலருக்குக் காலை வெறும் வயிற்றில் தெரியாது, மதியத்துக்கு மேல்தான் காட்டும், அதனால் மாலையிலும் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, வாந்தி பேதி ஆகிச் சரியாகச் சாப்பிடாத நாட்களில் பழைய அளவிலேயே சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போனால் ஆள் தலைசுற்றி விழுந்துவிடுவார். அந்த நாளிலும் குடும்ப டாக்டருக்குத்தான் முதலில் போன் செய்ய வேண்டும்.

பாதம் மரத்துப்போவது மட்டும் இரண்டு பக்கமும் தெரியவேண்டிய விஷயம். சுகராலும் வரும், டோசிடாக்சலாலும் வரும். கீமோவுக்கு முன்னால் அம்மாவின் பாதத்தில் உணர்ச்சி எப்படி இருந்தது என்ற பழைய குறிப்பு உங்கள் டாக்டரிடம் இருக்கலாம், அது வேறு யாரிடமும் இருக்காது. புதிதாக வந்தது என்றால் ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் நிபுணர்) மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அதனால் அம்மா சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.


கடல்காற்று எழுதியது:

எல்லாவற்றுக்கும் முன்னால் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குக் கீமோ போட்டு ஒன்பதாம் நாள் லேசான காய்ச்சல், 101. பக்கத்தில்தானே என்று வழக்கமான கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். கூட்டம், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்று பாராசிட்டமால் கொடுத்தார்கள், காய்ச்சலும் இறங்கியது, நிம்மதியாகத் தூங்கினோம். விடியற்காலையில் அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறது, பிரஷர் 80க்குக் கீழே. ஐசியூவில் ஆறு நாள். பிழைத்துவிட்டார், ஆனால் அந்த ஒரு ராத்திரியை நான் இன்னும் மறக்கவில்லை. கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள்தான் வெள்ளணுக்கள் மிகவும் குறையுமாம், அப்போது 100.4 டிகிரியைத் தொட்டாலே அவசரம், உடனே ரத்தம் எடுத்து நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே கிருமி அப்படியேதான் இருக்கும்.

அந்த டாக்டர் மீது எனக்குக் கோபம் உண்டா என்றால் கொஞ்சம் உண்டு. ஆனால் கீமோ நடக்கிறது என்று சீட்டு எழுதுபவரிடம் நாங்களும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால் காய்ச்சல் என்றால் யாரையும் கேட்காதீர்கள், நேராகப் பெரிய மருத்துவமனை, ராத்திரி இரண்டு மணியானாலும் சரி.


நிழல்மரம் எழுதியது:

இங்கே எல்லோரும் குடும்ப டாக்டரைப் புகழ்வதைப் பார்த்து எழுதுகிறேன். என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, முதுகு வலி என்று குடும்ப டாக்டரிடம் போனோம். ஐந்து வாரம் வலி மாத்திரையும் தைலமும்தான். படுத்தால் வலி கூடுகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், வயதானால் வரும் வலி என்றார். கால் தளர்ந்த பிறகுதான் ஸ்கேன், முதுகெலும்பில் பரவித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. புற்றுநோய் வந்த உடம்பில் வரும் வலியை வேறு மாதிரி பார்க்க வேண்டும் என்பது தெரியாதவரிடம் ஏன் போக வேண்டும்? நான் இனிமேல் தும்மினாலும் பெரிய மருத்துவமனைக்குத்தான் போவேன்.


பொதுமருத்துவன் எழுதியது:

நிழல்மரம் அவர்களுக்கு, படிக்கும்போதே வலிக்கிறது. அதில் நான் யாருக்கும் பரிந்து பேசமாட்டேன். புற்றுநோய் வந்து போனவருக்குப் புதிதாக முதுகு வலி, அதுவும் படுத்தால் கூடும் வலி, ராத்திரியில் எழுப்பிவிடும் வலி என்றால் காத்திருக்கவே கூடாது. கால் பலவீனம், சிறுநீர் போவதில் மாற்றம் சேர்ந்துவிட்டால் அன்றைக்கே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். நடை நிற்பதற்கு முன்னால் சிகிச்சை தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். என்னிடம் வரும் பழைய புற்றுநோயாளிகளின் குறிப்பேட்டில் முதல் வரியிலேயே புற்றுநோய் வந்ததை எழுதிவைத்திருக்கிறேன், அவசரத்தில் எனக்கே மறந்துவிடக் கூடாது என்று. நீங்கள் நேராக அங்கே போவது சரிதான். தும்மலுக்குக்கூடப் போகலாம், அதில் தப்பே இல்லை.


ஏழுவருடம் எழுதியது:

எனக்குச் சிகிச்சை முடிந்து ஏழு வருடம். நிழல்மரம் அண்ணா சொன்னது என் மனதிலும் இருக்கும் பயம்தான். ஆனாலும் இரண்டாவது வருடத்திலிருந்து என் தொடர் பரிசோதனையெல்லாம் குடும்ப டாக்டரிடம்தான், ஆன்காலஜிஸ்டே சொல்லி அனுப்பினார். எனக்கு அப்போது கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றியது, அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு தேடிப் படித்தேன். கனடாவில் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 968 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குடும்ப டாக்டரும் மறுபாதியைப் புற்றுநோய் நிபுணர்களும் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 2006இல் முடிவு வந்தது. நோய் திரும்பி அதனால் வரும் கடுமையான பாதிப்புகளில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துத்தான் அந்தக் குடும்ப டாக்டர்களிடம் அனுப்பினார்கள், அதைக் கவனிக்க வேண்டும்.

எனக்கு ஹார்மோன் மாத்திரையாக டமாக்ஸிஃபென். நடுவில் மனம் மிகவும் சோர்ந்துபோய் வேறு ஒருவரிடம் போனபோது பாராக்ஸெட்டின் எழுதிக் கொடுத்தார். என் குடும்ப டாக்டர் பார்த்துவிட்டு, இது டமாக்ஸிஃபென் வேலை செய்வதைக் குறைக்கும் என்று அன்றைக்கே போன் செய்து பேசி வேறு மருந்துக்கு மாற்றினார். எல்லா மாத்திரையையும் ஒரே இடத்தில் ஒருவர் பார்ப்பதில் இருக்கும் பலன் எனக்கு அன்றைக்குப் புரிந்தது. மூத்தமகள், அம்மாவுக்கு ஹார்மோன் மாத்திரை எழுதினார்கள் என்றால் எந்த மாத்திரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி என்றால் எலும்பு தேயும், அடர்த்தி பார்க்க வேண்டும். இதை வருடக்கணக்கில் ஞாபகம் வைத்துக்கொண்டு பார்ப்பவர் குடும்ப டாக்டராகத்தான் இருப்பார்.


வார்டுஅக்கா எழுதியது:

புற்றுநோய் வார்டில் செவிலியாக இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். கடிதம் தாருங்கள் என்று டாக்டரிடம் கேட்டால் "சரி" என்பார், அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுவார். கீமோ ஏற்றும் அறையில் எங்களிடம் கேளுங்கள், மருந்துத் தாளின் நகலை அங்கேயே வாங்கித் தரப் பார்ப்போம். தடுப்பூசி எதைப் போடுவதானாலும் முதலில் எங்களைக் கேட்கச் சொல்லுங்கள், உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசி கீமோ நேரத்தில் போடக் கூடாது. இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புற்றுநோய் மருந்து) எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று: பேதி என்று குடும்ப டாக்டரிடம் போனால் அந்த மருந்தின் பெயரை முதலில் சொல்லுங்கள், சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆகியிருந்தாலும். அது குடல் அழற்சியாக இருக்கலாம், நிறுத்தும் மாத்திரை மட்டும் போட்டுவிட்டு இருக்கக் கூடாது.

அப்புறம், அம்மா வார்டில் வாய் திறப்பதில்லை என்றீர்களே, இங்கே வரும் பலரும் அப்படித்தான். குடும்ப டாக்டரிடம் அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி எங்களிடம் கொடுங்கள். அவர் எதிரில் கொடுக்கவேண்டும் என்றுகூட இல்லை.


மூத்தமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிழல்மரம் அண்ணா, அண்ணி இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது, முடிந்தால் எழுதுங்கள்.

வார்டுஅக்கா சொன்னபடி கீமோ அறையில் கேட்டேன், பத்து நிமிடத்தில் நகல் கிடைத்தது. குடும்ப டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். ஸ்டீராய்டு நாட்களுக்கு மட்டும் இன்சுலின் எழுதி, எப்போது பார்க்க வேண்டும் என்று மதியம், மாலை இரண்டையும் குறித்துக் கொடுத்தார். மூன்று வருடம் முன்னால் அம்மாவின் பாதத்தைச் சோதித்த குறிப்பையும் எடுத்தார், அப்போது உணர்ச்சி முழுசாக இருந்திருக்கிறது. அதை ஒரு கடிதமாக எழுதி ஆன்காலஜிஸ்டுக்கு என் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறார். காய்ச்சல் வந்தால் தன்னிடம் வரவேண்டாம் என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

அடுத்த கீமோ செவ்வாய்க்கிழமை. தெர்மாமீட்டர் வாங்கி அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், ராத்திரி நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று.