ஆறு ஜக், ஒரு ரசீது

வாட்ஸ்அப் குழு: ஹாரோ (லண்டன்) நம்ம தெரு

வியாழன்

கலா அக்கா, மாலை 7:12
சனிக்கிழமை 5 மணிக்கு ஒயின் சுவைப்பு. எட்டுப் பேர், ஆறு பாட்டில். எதுவும் 11 பவுண்டைத் தாண்டக் கூடாது. பாட்டிலுக்கு 750 மில்லி, ஆளுக்கு 50 ஊத்தினா 400 போகும். மிச்சம் 350 சாப்பாட்டோட ரெண்டாவது சுத்துக்கு.

பிரியா, 7:15
6 பவுண்டு பாட்டில் வாங்கினா அதே காசுல நிறைய வாங்கலாமே அக்கா?

சிவா அண்ணை, 7:21
தங்கச்சி, 6 பவுண் போத்தலில வைனுக்கு எவ்வளவு போகுதெண்டு பாருங்கோ. 2025 பெப்ரவரி வீதப்படி சுத்த அல்ககோல் ஒரு லீற்றருக்கு வரி 29.54 பவுண். 13 வீத வைன் ஒரு போத்தலில அல்ககோல் 97.5 மில்லி இருக்கு. அதுக்கு வரி 2.88. வற் (VAT) எண்ட விற்பனை வரி 1 பவுண். மிச்சம் 2.12. போத்தல், மூடி, லேபிள், கப்பல், லொறி, கடைக்காரன்ர லாபம் எல்லாம் அதுக்குள்ளதான். கடைசியாத்தான் திராட்சை.

சிவா அண்ணை, 7:22
10 பவுண் போத்தலில வற் 1.67. வரி அதே 2.88. மிச்சம் 5.45. நீங்கள் குடுக்கிறது 4 பவுண் கூட, உள்ளுக்குப் போறது ரெண்டரை மடங்கு.

குமரன், 7:26
அதுக்காக 30 பவுண்டுக்குப் போனா அதே வேகத்துல ருசி ஏறும்னு நினைக்காதீங்க. அங்க ஊர்ப் பேருக்குத்தான் பாதிக் காசு. 8லேருந்து 12 வரைக்கும்தான் நமக்கு லாபமான இடம். இந்த ஆறுல போர்டோ, பர்கண்டி, சான்செர்னு பேர் போன பிரெஞ்சு ஒயின் ஊர் எதுவும் இல்ல. மத்தபடி எந்த ஊர்னு ஞாயித்துக்கிழமைதான் சொல்லுவேன்.

கலா அக்கா, 7:30
பிரவுன் பையில போட்டு நம்பர் எழுதிடவா?

குமரன், 7:31
பை வேண்டாம்க்கா. ஒரு பாட்டிலுக்குக் கழுத்து நீளம், பை மேலேயே எட்டிப் பாக்கும். திருகு மூடியா கார்க்கான்னு திறக்கிற சத்தத்துலயே தெரிஞ்சிடும். நானே சமையல்கட்டுல திறந்து ஆறு கண்ணாடி ஜக்குல மாத்தி, அடியில நம்பர் ஒட்டிடுறேன்.

கலா அக்கா, 7:38
சரி. வர்றவங்க கவனத்துக்கு:
சென்ட், பாடி ஸ்ப்ரே வேண்டாம். வெளிச்சம் வெள்ளையா இருக்கணும், அந்த மஞ்சள் விளக்குல நிறமே தெரியாது. சனிக்கிழமைன்னு யாரும் சாம்பிராணி போட்டுட்டு அப்படியே கிளம்பி வராதீங்க 🙏 முடியிலயும் துணியிலயும் ரெண்டு மணி நேரம் நிக்கும். தாளிப்பு எல்லாம் 3 மணிக்குள்ள முடிச்சு ஜன்னலைத் திறந்துடுவேன்.
நடுவுல கொறிக்க வெறும் ரொட்டி, தண்ணி, அவ்வளவுதான். மிளகு முறுக்கு அப்புறம்.

பிரியா, 7:40
துப்பணுமா?

கலா அக்கா, 7:43
ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் வெச்சிருக்கேன், கூச்சப்படாம துப்புங்க. ஆறையும் முழுங்கினா 300 மில்லி. சராசரி 12.5 சதவீதம்னு வெச்சா 3.75 யூனிட் (ஒரு யூனிட்னா சுத்த ஆல்கஹால் 10 மில்லி), அதுவும் வெறும் வயித்துல. முழுங்கினாலும் துப்பினாலும் காரை எடுத்துட்டு வராதீங்க.

மீனா, 7:47
கிளாஸ் எது? எங்கிட்ட பெரிய பலூன் மாதிரி நாலு இருக்கு.

கலா அக்கா, 7:50
பெருசு வேண்டாம். சுவைப்புக்குன்னே ஐ.எஸ்.ஓ. கிளாஸ் இருக்கு, துலிப் பூ மாதிரி வாய் குறுகினது, 215 மில்லி. 50 ஊத்தினா வயிறு அகலமான இடத்துல நிக்கும், சுழட்டினா சிந்தாது, வாசனை மேல கூடி நிக்கும். எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தான். இல்லேன்னா கிளாஸுக்குத்தான் மார்க் போடுவோம்.

கலா அக்கா, 7:58
மார்க் 20க்கு. சமநிலை 5, வாயில நிக்கிற நேரம் 5, வாசனையோட அழுத்தம் 5, எத்தனை விதமான ருசி வருது 5. பக்கத்துலயே "இது எத்தனை பவுண்டு இருக்கும்"னு ஒரு யூகம். எனக்குத் தனியா அனுப்புங்க, குழுவுல போடாதீங்க. ஒருத்தர் "தேங்காய் வாசனை"ன்னு வாயைத் திறந்தா போதும், எட்டு மூக்குக்கும் தேங்காய்தான்.

சனி

குமரன், பிற்பகல் 3:48
வெள்ளை மூணையும் ஃபிரிட்ஜ்லேருந்து 4:40க்கு எடுத்தாப் போதும். உள்ள 4 டிகிரி, ஊத்துறப்ப 9, 10 வரணும். சிவப்பு மூணும் இப்ப ஹால்ல 22 டிகிரில நிக்குது. 4:35க்கு ஃபிரிட்ஜ்ல அரை மணி நேரம் வைக்கிறேன். 22ல ஊத்தினா ஆல்கஹால்தான் முதல்ல மூக்குல ஏறும், பழம் அமுங்கிடும்.

குமரன், 3:55
அக்கா ரெண்டு பிரச்சினை. 2ஆம் நம்பர் வெள்ளைல தீக்குச்சி கிழிச்ச வாசனை, கொஞ்சம் முட்டை மாதிரியும். 5ஆம் நம்பர் சிவப்புல மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி.

கலா அக்கா, 3:57
முதல்ல 2. திருகு மூடிதானே?

குமரன், 3:57
ஆமா.

கலா அக்கா, 4:01
அப்போ கந்தக வாசனை. காத்து படாம அடைச்சதுல நொதிச்சப்ப வந்த கந்தகச் சேர்மம் உள்ளயே தங்கியிருக்கும். கெட்டுப்போகல. கொஞ்சம் ஒரு கிளாஸ்ல ஊத்தி, சோப்பு போட்டுக் கழுவின 2 பென்ஸ் காசைப் போட்டு ஒரு நிமிஷம் சுழட்டுங்க. செம்பு அந்தக் கந்தகத்தைப் பிடிச்சுக்கும். வாசனை போச்சுன்னா உறுதி. அந்தக் கிளாஸைக் கொட்டிட்டு, பாட்டிலை உயரத்துலேருந்து ஜக்குல ஊத்தி, ஜக்லேருந்து பாட்டில், திரும்ப ஜக். ரெண்டு தரம் போதும்.

சிவா அண்ணை, 4:03
1992க்கு முந்தின காசெண்டா வெண்கலம், அதில 97 வீதம் செம்பு. இப்ப வாறது இரும்புக்கு மேல செம்புப் பூச்சு, காந்தம் பிடிக்கும். இந்த வேலைக்கு ரெண்டும் சரி.

குமரன், 4:09
போச்சு! இப்ப சீமைமாதுளை வாசனை வருது. 5?

கலா அக்கா, 4:14
முதல் மோப்பத்துல என்ன வந்துச்சோ அதை நம்புங்க. நாலு தரம் மோந்தா மூக்கு பழகிடும், அப்புறம் நல்லாத்தான் இருக்குன்னு தோணும். பத்து நிமிஷம் கிளாஸ்ல விட்டுப் பாருங்க. கந்தகம்னா குறையும், கார்க் கோளாறுன்னா கூடும்.

குமரன், 4:26
கூடிடுச்சு. பழ வாசனையே இல்ல, ஈர அட்டைப்பெட்டி.

கலா அக்கா, 4:29
டி.சி.ஏ.ங்கிற சேர்மம். கார்க்குல இருக்கிற பூஞ்சையும் குளோரினும் சேர்ந்து உண்டாகுறது. லிட்டருக்கு சில நானோகிராம் போதும். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, ஒயினைத்தான் ஊமையாக்கிடும். பாலித்தீன் தாளைக் கசக்கி ஜக்குல போட்டா வாசனையை உறிஞ்சும்னு செய்வாங்க, உறிஞ்சவும் செய்யும். ஆனா பழ வாசனையையும் சேர்த்துத்தான். வேண்டாம், 5 இல்லாமலே நடத்துவோம்.

சிவா அண்ணை, 4:32
ஊத்திப் போடாதேங்கோ! அதே கோர்க்கால மூடி, ரசீதோட கொண்டுபோங்கோ. முக்கால்வாசி இருக்கோணும். வெறும் போத்தலைக் காட்டி "பழுதாப் போச்சு" எண்டா எந்தக் கடைக்காரனும் நம்பமாட்டான். "எனக்குப் பிடிக்கேல்லை" எண்டு சொல்லாமல் "கோர்க் பழுது" எண்டு சொல்லுங்கோ.

ஞாயிறு

கலா அக்கா, காலை 10:05
கணக்கு போட்டாச்சு. எட்டுப் பேர் சராசரி. மார்க், யூகிச்ச விலை, உண்மை விலை:
1: 13.5, 8.20, 9.00
2: 16, 14.10, 9.50
3: 15, 10.40, 10.75
4: 15.5, 13.00, 8.50
6: 12, 8.00, 9.00
குமரன், இப்ப உடைங்க.

குமரன், 10:11
1 பிரான்ஸ், மஸ்கடே செவ்ர் எ மேன் சூர் லி. நான்ட் பக்கம், அட்லாண்டிக் ஓரம். 2 தென்னாப்பிரிக்கா, ஸ்வார்ட்லாண்ட் ஷெனின் பிளாங்க். 3 ஜெர்மனி, மோசல் ரீஸ்லிங் காபினெட். அந்த நீளக் கழுத்து இதுதான். 4 ஸ்பெயின், ரியோஹா கிரியான்சா. கெட்டுப்போன 5 போர்ச்சுகல், தாவ் பகுதி. 6 சிலி, கொல்சாகுவா கார்மெனேர்.

பிரியா, 10:14
1 எனக்குச் சப்புனு இருந்துச்சு. தண்ணில எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி.

கலா அக்கா, 10:20
அதுல வாசனை தேடக் கூடாது பிரியா. மஸ்கடே செய்யற மெலன் திராட்சைக்கே வாசனை கம்மி. நொதிச்சு அடங்கின ஈஸ்ட் வண்டல் மேலயே குளிர்காலம் முழுக்க விட்டு வெச்சு, மார்ச்லேருந்து நேரா பாட்டில்ல அடைப்பாங்க. "சூர் லி"ன்னா அதுதான். நாக்கு நுனில ஊசி குத்தின மாதிரி லேசா ஒரு சுரீர் இருந்துச்சில்ல? தங்கிப்போன கார்பன் டை ஆக்சைடு. கடைசில உப்பு. தனியா மோந்தா தோத்துடும், சிப்பி, மீன்னு வந்தா ஜெயிக்கும். நேத்து ரொட்டியோட வெச்சது அதுக்கு அநியாயம்.

மீனா, 10:24
4ல கொப்பரை வாசனை. சத்தியமா யாரும் சொல்லித் தரல 😄

குமரன், 10:29
சரியாப் பிடிச்சீங்க. அமெரிக்க ஓக் பீப்பாய் அந்தத் தேங்காயையும் வனிலாவையும் கொடுக்கும். ரியோஹாவுல கிரியான்சா சிவப்புன்னா ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும், அதுல குறைஞ்சது ஒரு வருஷம் பீப்பாய்ல. பின்னாடி சிவப்பு முத்திரை. ரெசெர்வான்னா மூணு வருஷம், அரக்கு நிறம். 8.50க்கு ரெண்டு வருஷம் வேற யாரோ உங்களுக்காகப் பாதுகாத்து வெச்சிருக்காங்க.
சிலில "ரெசெர்வா"ன்னு போட்டிருந்தா அப்படி எடுத்துக்காதீங்க. அங்க அந்த வார்த்தைக்கு ஸ்பெயின் மாதிரி காலக்கணக்கு கிடையாது.

சிவா அண்ணை, 10:33
6க்கு ஏன் எல்லாரும் அடிச்சுப் போட்டியள்? எனக்குப் பிடிச்சது.

பிரியா, 10:34
பச்சைக் குடைமிளகாய் வெட்டின மாதிரி இருந்துச்சு அண்ணா. அதோட ஈறெல்லாம் பிடிச்சு இழுத்துச்சு.

கலா அக்கா, 10:41
ரெண்டும் சரி. குடைமிளகாய் வாசனை பைரசின்ங்கிற சேர்மம். குடைமிளகாயிலயும் இருக்கிறது அதேதான். வெயில் பட்டுப் பழுக்கப் பழுக்கக் குறையும். கார்மெனேர் ரொம்பத் தாமதமாப் பழுக்கிற ரகம். சிலில ரொம்ப நாள் மெர்லோன்னு நினைச்சு மெர்லோவோடயே பறிச்சுட்டிருந்தாங்க. 1994ல ழான் மிஷெல் பூர்சிகோங்கிற பிரெஞ்சு திராட்சைக்கொடி நிபுணர்தான் இது வேற கொடின்னு அடையாளம் காட்டினார். அதுக்கப்புறம் தள்ளிப் பறிக்கிறாங்க. நம்ம பாட்டில் இன்னும் ஒரு வாரம் கொடியில நின்னிருக்கலாம்.
ஈறு இழுத்தது டானின், அதாவது நம்ம துவர்ப்பு. பாக்கு, மாதுளைத் தோல் மாதிரி. தோல், விதைலேருந்து வர்றது. அதை வாசனைக்கு மார்க் போடுற இடத்துல குறைக்காதீங்க. சமநிலைலதான் குறைக்கணும்.

சிவா அண்ணை, 10:45
வரியையும் பாருங்கோ, அதே 2025 வீதக் கணக்கில. 6 வந்து 14 வீதம், வரி மட்டும் 3.10. 3, அந்தக் காபினெட், 9 வீதம், 1.99. அந்த ஒரு பவுண் கூடவே திராட்சைக்குப் போயிருக்கு.

மீனா, 10:48
அந்த 3 இனிப்பா இருந்தாலும் இறால் வறுவலோட அருமையா இருந்துச்சு. 6 வாயில நெருப்பு வெச்ச மாதிரி.

கலா அக்கா, 10:53
மிளகாய்க் காரத்துக்கு மேல ஆல்கஹால் போனா எரிச்சல் கூடும், துவர்ப்பும் கசப்பும் தூக்கிக் காட்டும். 3ல ஆல்கஹால் கம்மி, இனிப்பு காரத்தை அணைக்கும், புளிப்பு அந்த இனிப்பைத் திகட்ட விடாது. நம்ம சமையலுக்கு வாங்குறதா இருந்தா லேபிள்ல முதல்ல அந்த சதவீதத்தைப் பாருங்க. 9, 10, 11னா ஜெர்மன் ரீஸ்லிங் பெரும்பாலும் இனிப்பு. 12க்கு மேலன்னா பெரும்பாலும் இனிப்பில்லாதது.

குமரன், 10:58
என் ஓட்டு 2க்கு. 9.50க்கு வாங்கினதை எட்டுப் பேர் சராசரி 14ன்னு வந்திருக்கு. ஸ்வார்ட்லாண்டுல தண்ணி பாய்ச்சாத பழைய புதர்க்கொடி நிறைய. காய் கம்மி, சாறு அடர்த்தி. 35 வருஷத்துக்கு மேலான கொடின்னா நட்ட வருஷத்தோட ஒரு முத்திரை இருக்கலாம், பாட்டில் கழுத்துல தேடுங்க. அடுத்த தடவை திறந்து அரை மணி நேரம் ஜக்குல விட்டுட்டுக் குடிங்க.

பிரியா, 11:02
6 பாதி பாட்டில் எங்கிட்ட இருக்கு. அப்படியே மூடி வைக்கவா?

குமரன், 11:05
வேண்டாம், மேல இருக்கிற காத்துதான் கெடுக்கும். 375 மில்லி சின்ன பாட்டிலை வெந்நீர்ல கழுவி, கழுத்து வரைக்கும் தளும்ப ஊத்தி, மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க. சிவப்பா இருந்தாலும் ஃபிரிட்ஜ்தான். மூணு நாள் தாங்கும். குடிக்க ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுங்க.

மீனா, 11:06
4ல மிச்சம் இருக்கா?

கலா அக்கா, 11:07
4ல ஜக் மட்டும்தான் மிச்சம்.

குமரன், 12:40
தாவ் பாட்டிலைக் கொண்டுபோனேன். கவுன்ட்டர்ல இருந்தவர் ஒரு தரம் மோந்து பாத்துட்டு மறுபேச்சே பேசல, வேற பாட்டில் கொடுத்துட்டார். சிவா அண்ணா சொன்ன மாதிரியேதான் சொன்னேன்.

சிவா அண்ணை, 12:44
புதுசும் கோர்க் தானே? திறந்த உடன முதல் மணத்தைப் பிடிச்சுப் போட்டு எழுதுங்கோ. ரசீதை எறியாதேங்கோ.