மட்டக்களப்பிலிருந்து புறாத்தீவு: ஒரே நாளில் போய் வரலாமா?

கல்லடிக்காரி:
ஓகஸ்டில் ஒரு நாள் 9 பேர் வான் பிடித்து நிலாவெளி போய், புறாத்தீவில் ஸ்நோர்கலிங் (மாஸ்க், மூச்சுக்குழாயோடு குப்புற மிதந்து பவளம், மீன் பார்க்கிறது) செய்து, இரவுக்குள் மட்டக்களப்பு திரும்ப யோசிக்கிறம். மூன்று பேருக்கு நீச்சல் தெரியாது. ஒருவர் கண்ணாடி போடுறவர். எத்தனை மணிக்கு வெளிக்கிட வேணும்? எதைக் கட்டாயம் கொண்டு போக வேணும்?

வாகரை வழி:
தங்கச்சி, ஓகஸ்ட் நல்ல மாதம், அந்தப் பக்கம் கடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம். வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலை ஏறக்குறைய 135 கிலோமீற்றர், அங்கிருந்து நிலாவெளிக்கு இன்னும் 15. விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டால் 8 மணிக்குக் கரையில் நிற்கலாம். பிந்தினால் கடல்காற்று எழும்பிவிடும். சனமும் கூடி, கால் அடித்துக் கிளப்பும் மணலில் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. சனி, ஞாயிறைத் தவிருங்கோ.

நுழைவுச்சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்துடையது, ஆள் கணக்கு. போட் கூலி அதுக்கு வேறாக, போட் கணக்கு. ஒரு போட்டில் எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்ப எடுக்க வருவார் என்று ஏறுமுன் பேசி, ஓட்டியின் நம்பரையும் வாங்குங்கோ. தீவு கரையிலிருந்து 1 கிலோமீற்றர் அளவுதான். வாந்திக் குளிசை தேவைப்பட்டால் அது வானுக்குத்தான். தீவில் கடை இல்லை, குடிதண்ணீரை பிளாஸ்ரிக் அல்லாத போத்தலில் கொண்டு போங்கோ.

முருகைக்கல்:
பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மாஸ்க். வாடகைக்கு எடுக்கும்போது வாரைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கோ. கையை விட்டாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கட அளவு. காற்றுப் புகுந்தால் தண்ணீரும் புகும். வாரை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது, இறுக்கினால் ரப்பர் விளிம்பு மடிந்து இன்னும் ஒழுகும். உள்ளே ஒரு மயிர் அகப்பட்டாலும் போதும். மீசைக்காரர் மேல் உதட்டில் கொஞ்சம் வாஸ்லின் பூசலாம். மாஸ்க்கின் கண்ணாடி மங்காமலிருக்க உள்பக்கம் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தேய்த்து, மெல்ல அலசுங்கோ.

மூக்குக்கண்ணாடியோடு மாஸ்க் போட ஏலாது, மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி மாஸ்க் விளிம்பைத் தூக்கிவிடும். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் குறைந்த பவர்க்காரர் சமாளிப்பார். கூடிய பவர் என்றால் பவர் வைத்த மாஸ்க் தேடுங்கோ.

சன்ஸ்கிரீனுக்குப் பதில் கை நீண்ட சேட் போடுங்கோ. குப்புற மிதக்கும்போது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் எரியும், கிறீமில் பல வகை பவளத்துக்கும் கெடுதல்.

கல்லடிக்காரி:
நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு பார்க்கலாமா?

பாசிக்குடா மணல்:
பார்க்கலாம், ஆனால் முதல் பாடம் புறாத்தீவில் வேண்டாம். பயணத்துக்கு ஒரு கிழமை முன்னம் பாசிக்குடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், இடுப்பளவு தண்ணீரில் ஜாக்கெட், மாஸ்க், குழாயோடு வாயால் மட்டும் மூச்சுவிடப் பழக்குங்கோ. குழாய்க்குள் தண்ணீர் வந்தால் ‘தூ’ என்று ஒரே மூச்சில் ஊதித் தள்ள வேணும். இது கை வராதவர்தான் பதறி எழும்பி நிற்கப் பார்ப்பார். அங்கே காலுக்குக் கீழே மணல் இருக்கு, புறாத்தீவில் பவளம். காலும் கிழியும், பவளமும் உடையும். குண்டுக்குண்டாக வளரும் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும்.

ஜாக்கெட்டின் கீழ் வாரைக் கட்டாமல் விட்டால் அது காதுவரை ஏறி, தலையைக் குனிய விடாது. நீந்தத் தெரியாத ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒருவர், கைக்கெட்டிய தூரத்தில். செட்டை நுனி கறுத்த சிறு சுறா வந்தால் துரத்த வேண்டாம், அசையாமல் மிதந்தால் அது தன் பாட்டில் சுற்றிப் போகும்.