பழைய 1010 கிளாரினெட்டுக்குப் புது மவுத்பீஸ் சரிப்படுமா?

காவிரிக்கரை:
லண்டனில் எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் தன் பூசி அண்ட் ஹாக்ஸ் 1010 கிளாரினெட்டை எனக்கே கொடுத்துவிட்டார். ஆங்கிலேயக் கிளாரினெட் கலைஞர் ஜாக் பிரைமர் வாசித்த மாடல், கீழ் ஸ்தாயியில் அந்த நாதம் வேறு எதிலும் வராது. கூட வந்த எபனைட் (கெட்டி ரப்பர்) மவுத்பீஸ் பச்சை பூத்துக் கிடக்கிறது, அதனால் என்னுடைய வாண்டோரன் பி45 மவுத்பீஸை மாட்டிப் பார்த்தேன். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கீழ் ஸ்வரத்தைச் சேர்த்தால் அதே விரலில் ரெஜிஸ்டர் கீ அழுத்தி வரும் மேல் ஸ்வரம் சேரமாட்டேன் என்கிறது. பேரலை (மவுத்பீஸுக்குக் கீழே வரும் குட்டைக் குழாயை) இழுத்தாலும் அந்த வித்தியாசம் போகவில்லை. பழசையே தேடி வாங்குவதா, வேறு புதுசு பார்ப்பதா?

மரத்துளை:
பி45 மேல் குறை இல்லை, இந்த வாத்தியத்துக்கு அது ஆகாது, அவ்வளவுதான். 1010-இன் உட்துளை கிட்டத்தட்ட 15.2 மி.மீ., அதற்கென்று செய்த மவுத்பீஸின் துளையும் ஏறக்குறைய அதே அகலத்தில் நேராகப் போகும். இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பஃபே ஆர்13 மாதிரி 14.6 மி.மீ. சொச்சம் உட்துளை உள்ள கிளாரினெட்டுகளுக்காக, சற்றே கூம்பாகக் குறுகிச் செய்தவை. அதை இதில் செருகினால் பேரல் வாயில் ஒரு படி விழுகிறது, கீழ் மேல் ஸ்தாயிகளின் உறவு அங்கேதான் கெடுகிறது. பேரலை இழுப்பது மொத்தச் சுருதியை இறக்குமே தவிர அதைச் சரிசெய்யாது. 1010 அளவிலேயே புதிதாகச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆர்டர் கொடுக்கும்போது உட்துளை அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

எபனைட்:
அந்தப் பச்சையைப் பார்த்துக் கொடுத்தவர்மேல் சந்தேகப்படாதீர்கள், மவுத்பீஸ் மேலும் வேண்டாம்! எபனைட்டில் கந்தகம் உண்டு, வெளிச்சமும் காற்றும் பட்டால் மேல்தோல் நிறம் மாறும். வெந்நீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள், இன்னும் மோசமாகும், வளையவும் கூடும். பார்க்கவேண்டியது முகப்பை. கண்ணாடித் துண்டின்மேல் ரீடு (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) வைக்கும் பக்கத்தைப் படியவைத்து, நுனிப் பக்கத்திலிருந்து மெல்லிய காகிதத்தை உள்ளே நகர்த்துங்கள். இடது வலது இரண்டு ரெயிலிலும் (பக்க விளிம்பிலும்) அது ஒரே இடத்தில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் அதிகம் உள்ளே போனால் தேய்ந்திருக்கிறது, வருடக்கணக்கில் துணி இழுத்தே அப்படி ஆகிவிடும். நல்ல ரீஃபேஸ் (முகப்பை மறுபடி இழைத்துச் சீராக்குவது) செய்பவர் அதை மீட்டுவிடுவார், துளை அப்படியே இருக்கும். உங்களுக்கு மலிவான வழியும் அதுதான்.

வடக்குவாசல்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பழைய மவுத்பீஸ்களில் பாரிஸ் ஷெத்வில், அந்த வார்ப்பில் கையால் இழைத்த சிகாகோ காஸ்பர் என்று செய்தவர் பெயரைப் பார்த்துப் பெரும்பணம் கொடுக்கிறார்கள். அந்த எபனைட்டே தனி ரகம் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் அதன் முகப்பை இழைத்திருப்பார்களோ, பெயர் அப்படியே இருக்கும், உள்ளே வேறு மவுத்பீஸ் இருக்கும். பழையவற்றில் நுனித் திறப்பு (ரீடு நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் உள்ள இடைவெளி) பொதுவாகக் குறைவு, பி45-இல் 1.195 மி.மீ. அதனால்தான் பழசுக்குச் சற்றுக் கெட்டியான ரீடு கேட்கிறது. உங்கள் மெல்லிய ரீடையே வைத்து வாசித்துவிட்டு ‘சத்தம் சன்னமாக இருக்கிறது’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

காவிரிக்கரை:
காகிதம் வைத்துப் பார்த்தேன், வலது பக்கம் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே போகிறது. ரீஃபேஸுக்கு அனுப்பிவிடுகிறேன், திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.